பதிவேட்டில் இருந்த பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் ரிஷிவந்தியம் பஸ் ஸ்டாப்பில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். 1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பாதியில் நின்று திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை. "ஆபீசருங்க வந்தா எங்களத் துணி மூட்டைக்குப் பின்னால உக்கார வச்சிருவாங்க சார். சத்தம் போடாம இருந்தா டீ கிடைக்கும்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குச் சட்டம் இல்லாமலா இருந்தது? வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன்.

நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. 7 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது. 7 முதல் 12 வரை ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வேலை வாங்கலாம்! இதுவும் வெறும் கருணையால் வந்ததல்ல. பம்பாய் மில்கள் மலிவாக நெய்து தள்ளுவது லங்காஷயர் முதலாளிகளுக்கு உறுத்தியது. அவர்கள் கொடுத்த நெருக்கடியும் இதில் உண்டு. சட்டம் பொருந்தியதோ, இயந்திர சக்தியோடு 100 பேர் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும். 1891-ல் அது 50 பேர் ஆனது, குறைந்தபட்ச வயது 9. 1922-ல் 20 பேர், வயது 12. கவனித்தீர்களா? ஒரு கூரையின் கீழ் எத்தனை தலை என்றுதான் சட்டம் முதலில் எண்ணியது. சின்னப் பட்டறையில் உட்கார்ந்திருந்த பிள்ளை அதன் கணக்கிலேயே வரவில்லை.

1931-ல் விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் அறிக்கை தந்தது. பீடிப் பட்டறை மாதிரி இடங்களில் 5 வயதுப் பிள்ளைகள்கூட 10, 12 மணி நேரம் உழைப்பதையும், கூலி 2 அணா வரை இறங்குவதையும் அது பதிவு செய்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை அடகு வைக்கும் பழக்கத்தை 1933 சட்டம் தடை செய்தது. மீறினால் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை, முதலாளிக்கு 200 ரூபாய் வரை அபராதம். 1938 சட்டத்தின் கீழ் தீப்பெட்டி, பட்டாசு, பீடிப் பட்டறைகளில் 12 வயதுக்குக் கீழே கூடாது என்றார்கள். ஆனால் குடும்பத்தாரை மட்டும் வைத்து நடத்தும் பட்டறைக்கு விலக்கு. அந்த விலக்கு 1986 சட்டத்திலும் இருந்தது. 2016 திருத்தத்தில்கூட, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு வாசல் திறந்தே இருக்கிறது.

சிவகாசிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது, மறுக்க முடியாது. ஆனால் குச்சி அடுக்கியதிலும் பெட்டி ஒட்டியதிலும் சின்ன விரல்கள் நிறைய. விடியுமுன் ஊர் ஊராகப் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும். 1986-ல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா உச்ச நீதிமன்றம் போனார். 1985 டிசம்பர் கணக்கில், பதிவு பெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 பேர் வேலை செய்தார்கள், அவர்களில் குழந்தைகள் 2,941 பேர் என்று அந்த வழக்கில் சொல்லப்பட்டது. பதிவு பெற்றவை மட்டும்! வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பிள்ளை இதில் எங்கே?

10-12-1996 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். பிள்ளையை எடுத்தால் அந்த வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று யோசித்த தீர்ப்பு என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

ஆனாலும் என் அனுபவத்தில் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியது சத்துணவுதான். 1982-ல் தொடங்கிய திட்டம், 1984-ல் 10 முதல் 15 வயது மாணவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. வேலைக்கு இழுக்கிற வயதே அதுதானே! எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த மதியச் சோற்றுக்காக வந்தவர்கள்.

இவனும் அப்படி வந்தவன்தான். பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். மகள் கள்ளக்குறிச்சியில் பிளஸ் டூ படிக்கிறாளாம். "பொங்கலுக்கு அப்புறம்தானேப்பா நீ நின்னே?" என்று கேட்டேன்.

"இல்ல சார். தீபாவளிக்கு முன்னாடியே போயிட்டேன்."

மேலே கணக்குக் காட்ட வேண்டும் என்று பொங்கல் வரை அவனுக்கு வருகை போட்டது நான்தான்.