மதிலில் பதித்த கணினியும் மொஹல்லாவின் கணினியும்

தெற்கு தில்லியின் கால்காஜியில், என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தின் அலுவலகத்துக்கும் அதை ஒட்டிய குடிசைப் பகுதிக்கும் நடுவே ஒரு மதில் இருந்தது. 1999 ஜனவரி 26 அன்று அந்நிறுவனத்தின் ஆய்வாளர் சுகதா மித்ரா அந்த மதிலில் துளையிட்டு, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியைப் பதித்து வைத்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்து அப்போது நான்கு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆசிரியர் யாரும் நிறுத்தப்படவில்லை. ஆனாலும் குடிசைப் பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே வலைப்பக்கங்களைத் திறந்து பார்க்கப் பழகிக்கொண்டார்கள். 'சுவரில் ஒரு துளை' என்று உலகமெங்கும் பேசப்பட்ட இந்தச் சோதனையின் தொடர்ச்சிக்காக 2013இல் அவருக்கு டெட் பரிசு கிடைத்தது; தொகை பத்து லட்சம் டாலர். ஏழை மக்களை இணையத்துக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசும்போதெல்லாம் தில்லியின் பங்காக இந்தக் கதையே நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதே நகரத்தில், அதே ஆண்டுகளில் நடந்த இன்னொரு முயற்சிதான் நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது என்பது என் கருத்து.

மதில் கணினியின் குறையை அந்தக் காலத்திலேயே எடுத்துச்சொன்னவர்கள் உண்டு. தில்லி அரசு 2000இல் இதே முறையில் அமைத்த கணினிக் கூடத்தைப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் மார்க் வார்ஷாவர், இணைப்பு பல நேரம் வேலை செய்யவில்லை, இந்தியில் தனியே எதுவும் தரப்படவில்லை, பிள்ளைகள் பெரும்பாலும் படம் வரைவதிலும் விளையாட்டிலும் பொழுதைக் கழித்தார்கள் என்று பதிவுசெய்தார். பெற்றோரும் இருமனத்தோடு இருந்தார்கள். பிள்ளைகள் தாமாகக் கற்கும் திறன் உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சுட்டியை நகர்த்தத் தெரிவது வேறு, தன் தெருவுக்கு வேண்டியதைக் கணினியைக் கொண்டு செய்துகொள்வது வேறு. இரண்டாவது கைகூட ஓர் ஊர்க்கூட்டம் வேண்டும், அதற்கென ஒரு நோக்கமும் வேண்டும்.

அந்த இரண்டாவது வழியில் நடந்ததுதான் சைபர்மொஹல்லா; மொஹல்லா என்றால் குடியிருப்புப் பகுதி. 1983 முதல் தில்லியின் உழைக்கும் மக்களிடையே கல்விப்பணி செய்துவந்த அங்கூர் அமைப்பும், தில்லி ராஜ்பூர் சாலையில் இருந்த ஆய்வு மையம் ஒன்றின் அங்கமான சராயும் சேர்ந்து, 2001 மே மாதம் எல்.என்.ஜே.பி. என்ற குடிசைக் குடியிருப்பில் ஒரு சிறு கணினிக்கூடம் திறந்தன. அந்தப் பகுதி இளைஞர்கள் அதற்கு 'கம்ப்யூகர்' என்று பெயரிட்டார்கள். கணினி வீடு என்று பொருள். அடுத்து தட்சிண்புரியிலும், யமுனைக் கரையிலிருந்த நாங்லா மாஞ்சியிலும் கூடங்கள் வந்தன. இளைஞர்கள் அங்கே வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள், தங்கள் சந்துகளைப் பற்றி எழுதினார்கள், எழுதியதைப் படித்துக்காட்டினார்கள், ஒலியும் படமும் சேர்த்தார்கள், சுவர் இதழ் வெளியிட்டார்கள். கட்டற்ற மென்பொருளைப் பழகியதும் இந்த வேலைகளின் ஊடேதான். 2006இல் நாங்லா மாஞ்சி இடிக்கப்பட்டபோது அதை நாள்வாரியாக எழுதிவைக்கும் பயிற்சி அவர்கள் கையில் இருந்தது. 2007இல் இருபது பேரின் எழுத்து 'பஹுரூபியா ஷஹர்' என்ற இந்தி நூலாக வந்தது. 2010இல் அது ஆங்கிலத்திலும் வெளியானது.

நம் பக்கத்திலும் இதே பாடம் உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி ஊர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, மக்களுக்கு என்ன தகவல் தேவை என்று முதலில் கேட்டது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. கணினியைத் தொடாத மீனவருக்கும் இணையம் பயன்பட்டது.

மூன்று கூடங்கள் ஒரு மாநகருக்குப் போதுமா என்ற கேள்வி நியாயமானது. சைபர்மொஹல்லா சிறியதுதான், ஆனால் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டுமென்றால் பெருக்கத் தகுந்த முறை எது என்று முதலில் தெரிய வேண்டும், அதை அது காட்டியது. இன்று கைதோறும் ஸ்மார்ட்போன் இருக்கும்போது கூடம் எதற்கு என்ற கேள்வி இன்னும் வலுவானது. 2016இல் ஜியோ கைபேசிச் சேவை வந்தபின் இணையக் கட்டணம் சரிந்தது உண்மை. ஆனால் 2021 மே மாதம் 18 முதல் 44 வயது வரையிலானோர் கொரோனா தடுப்பூசிக்கு அரசின் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும் என்றானபோது, இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று தில்லியில் உச்ச நீதிமன்றமே அரசைக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவுசெய்துகொள்ள இ-ஷ்ரம் தளம் திறந்தது. காணொளி பார்க்கப் போன் போதும். இப்படிப்பட்ட படிவத்தை நிரப்பவும், மறுக்கப்பட்டால் மறுபடி கேட்கவும், சங்கத்தின் கணக்கை எழுதிவைக்கவும் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் தேவை.

2017இல் ஆறு கோடிக் குடும்பங்களை இலக்காக வைத்துத் தொடங்கிய மத்திய அரசின் எண்ணியல் எழுத்தறிவுத் திட்டம் கிராமங்களுக்கானதாக இருந்தது. தில்லியின் குடிசைப் பகுதிகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவை வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கம், மகளிர் குழு, தெரு வியாபாரிகள் அமைப்பு போன்ற, ஏற்கெனவே கூடிப் பழகிய கூட்டங்களே. அவர்களுக்கு ஓர் அறை, அவர்கள் மொழியில் பேசும் ஒரு பயிற்றுநர், அவசரமில்லாத சில ஆண்டுகள் ஆகிய மூன்றையும் கொடுங்கள். கணினியை அதற்குப் பிறகு வாங்கலாம்.