அடைத்த காதும் திறந்த காதும்: ஹெட்போனின் ஒரு வீட்டு வரலாறு

போன வருடம் அப்பாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிய மூன்றாவது வாரம் அம்மா கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஈசூனில் மூன்றறை வீடு எங்களுடையது. அப்பாவுக்கு 74 வயது. முப்பது வருடத்துக்கு மேல் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். இரும்பில் துரு தட்டும் சத்தத்துக்குள்ளேயே இளமை முழுக்கப் போய்விட்டது. பக்கத்தில் நின்று பேசினாலும் பாதிதான் அவருக்கு விளங்கும். அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, குரல் முழுதாகத் திரும்பவில்லை. அப்பாவை அவர் எப்போதும் “என்னங்க” என்றுதான் கூப்பிடுவார். இப்போது அதில் கடைசி “ங்க” மட்டும்தான் வெளியே வருகிறது.

அப்பாவுக்கு இரவு இரண்டு மணிவரை தூக்கம் வராது. ஹாலில் உட்கார்ந்து அறுபதுகளின் பாட்டு கேட்பார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரைச் சத்தமாக வைப்பார். மேல்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் இணையத்தில் ஒரு வாரம் படித்துவிட்டு, எல்லோரும் புகழ்ந்த ஒரு ஹெட்போனை வாங்கினேன். கம்பியில்லாதது, காதை முழுக்க மூடுவது, வெளிச்சத்தத்தை அழிப்பது. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அன்றைக்கு நான் வேலை முடிந்து வரும்போது மணி பன்னிரண்டரை. அப்பா ஹாலில் கண்ணை மூடிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அறையில் தரையில் கிடந்தார். பாத்ரூம் போக வேண்டி கூப்பிட்டிருக்கிறார், பதில் வராததால் தானே எழப் பார்த்திருக்கிறார். எலும்பு எதுவும் முறியவில்லை. அப்பா ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அவ கூப்புட்டது எனக்குக் கேக்கவே இல்லம்மா” என்றார். மறுநாளிலிருந்து அதைத் தொடவில்லை. பாட்டும் கேட்கவில்லை.

‘வெளிச்சத்தம் உள்ளே வருகிற மாதிரி ஒரு பொத்தான் இருக்குமே’ என்று உங்களில் சிலர் கேட்கலாம். இருந்தது. அதை அழுத்த வேண்டும் என்று ஞாபகம் இருப்பவருக்குத்தான் அது உதவும். எனக்கு உறுத்தியது வேறு விஷயம். ஒரு வாரம் படித்தேனே, வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்பதை வைத்து ஹெட்போனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஏன் எங்கேயும் என் கண்ணில் படவில்லை? அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கருவியின் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கேள்வி இந்தக் கருவிக்குப் புதிதில்லை என்று தெரிந்தது.

1881இல் பாரிஸில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமான் அடேர் என்ற பொறியாளர் ஓப்பரா அரங்கின் மேடை விளிம்பில் தொலைபேசியின் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, கண்காட்சி மண்டபம்வரை கம்பி இழுத்தார். பார்வையாளர்கள் ஆளுக்கு இரண்டு குழல்களை எடுத்து இரு காதிலும் வைத்துக் கேட்டார்கள். ஒன்றில் மேடையின் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். பாடகர் நகர்வது காதுக்குத் தெரிந்தது. ஸ்டீரியோ என்று நாம் சொல்வது தலையில் மாட்டும் கருவி வருவதற்கு முன்பே வந்துவிட்டது. பிறகு இது தியேட்ரோஃபோன் என்ற பெயரில் சந்தா கட்டி வீட்டிலிருந்தே கேட்கும் சேவையானது. மூச்சு நோயால் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்த எழுத்தாளர் மார்சல் ப்ரூஸ்ட் 1911இல் அதற்குச் சந்தா கட்டி ஓப்பரா கேட்டார். வீட்டை விட்டு நகர முடியாதவரிடம் வெளியுலகத்தைக் கொண்டுவரும் வழியாகத்தான் காதில் வைத்துக் கேட்பது வீட்டுக்குள் வந்திருக்கிறது.

நாம் இன்று ஹெட்போன் என்று அடையாளம் காணக்கூடிய ஒன்றைச் செய்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நதானியேல் பால்ட்வின். தேவாலயத்தில் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் அவரை இந்த வேலையில் இறக்கியது என்பார்கள். 1910இல் தன் கருவியை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படை, இருப்பதிலேயே இதுதான் நல்லது என்று கண்டு ஆர்டர் கொடுத்தது. பால்ட்வின் அதைச் சமையலறையில் வைத்துச் செய்துகொண்டிருந்ததால் மொத்தமாகக் கொடுக்க முடியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார். அங்கிருந்து ஹெட்போன் கப்பலுக்கும் போருக்கும் போனது. இரைச்சலுக்கு நடுவே மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்க வேண்டும், அதனால் காதை இறுக்கி அடைக்க வேண்டும். அடைப்பதுதான் ஹெட்போனின் இயல்பு என்ற எண்ணம் வேரூன்றிய இடம் இது என்று நினைக்கிறேன்.

அடுத்த திருப்பம் மில்வாக்கி நகரத்தில். ஜான் காஸ் என்பவர் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். 1958இல், ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த அதே வருடத்தில், பொறியாளர் மார்ட்டின் லேங்குடன் சேர்ந்து ஒரு சிறிய இசைத்தட்டுப் பெட்டி செய்தார். மற்றவருக்குத் தொந்தரவில்லாமல் கேட்க அதோடு ஒரு ஹெட்போனையும் சேர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். பெட்டியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஹெட்போனை மாட்டியவர்களுக்குக் கழற்ற மனசு வரவில்லை. வீட்டில் பாட்டு கேட்பதற்கென்றே விற்கப்பட்ட ஸ்டீரியோ ஹெட்போன் இப்படித்தான் பிறந்தது. காஸ் செய்ததும் மூடிய வகைதான். பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நாகரிகம் அதில் இருந்தது. பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அதில் இல்லை.

பத்து வருடம் கழித்து அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது, கேள்வியை யாரும் கேட்காமலேயே. ஜெர்மனியில் ஹனோவருக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஸ் சென்ஹைசர் நடத்திய நிறுவனம் 1968இல் எச்டி 414 என்ற ஹெட்போனை வெளியிட்டது. அதற்குப் பின்மூடி இல்லை. காதை அழுத்தும் தடித்த உறைக்குப் பதிலாக மஞ்சள் நிறத்தில் மெல்லிய நுரைப்பஞ்சு. உள்ளே அதிரும் சவ்வின் பின்பக்கத்தை அடைத்தால் சத்தம் டப்பாவுக்குள் முட்டி மோதித் திரும்பும். திறந்துவிட்டால் அது தப்பிவிடும், இசை காற்றோட்டமாக ஒலிக்கும். பொறியாளர்கள் தேடியது அந்த ஒலியைத்தான். ஆனால் ஓட்டை இருவழிப் பாதை. உள்ளிருக்கும் பாட்டு வெளியே கசிந்தது, வெளியே இருக்கும் வீடும் உள்ளே வந்தது. மக்களுக்கு அது பிடித்திருக்க வேண்டும், ஒரு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

1979 ஜூலை முதல் தேதி சோனி வாக்மேன் வந்தது. நம் வீடுகளுக்குள் ஹெட்போன் பெரும்பாலும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. சோனியின் அகியோ மொரிட்டா தன் சுயசரிதையில் ஒரு விஷயம் சொல்கிறார். சோதனைக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன்னை வெளியே தள்ளிவிட்டதுபோல் மனைவிக்கு எரிச்சல் வந்ததாம். அதனால் முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, ஒலிவாங்கி வழியாகப் பக்கத்தில் இருப்பவரின் பேச்சு கேட்கும். வாங்கியவர்களோ அதைத் தனக்கு மட்டுமான பொருளாகத்தான் பார்த்தார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது. அது நாற்பது வருடம் கழித்து என் ஹெட்போனில் திரும்பி வந்திருந்தது, அப்பா அதை அழுத்தவில்லை.

வெளிச்சத்தத்தை அழிக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒரு விடுதலைப் போராட்டக்காரரின் மகன் அமர் போஸ். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலை மீறி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். 1989இல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமானிக்கு அது வரம்தான். ஆனால் விமானியிடம் சொல்ல வேண்டியதெல்லாம் மைக் வழியாக அவர் காதுக்கே வந்துவிடும். என் அம்மாவிடம் மைக் இல்லை. விமானத்துக்காகச் செய்ததை, ஒரு நோயாளி இருக்கும் வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்தது நான்தான்.

இவ்வளவும் படித்த பிறகு அப்பாவைக் கோல்மன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்துக்கு அழைத்துப் போனேன். ஒலிக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். “வேணாம்மா, எதுக்குக் காச வீணாக்குற” என்று எம்.ஆர்.டி. முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கடையில் பின்பக்கம் திறந்த மூன்று ஹெட்போன்களை எடுத்து வைக்கச் சொன்னேன். அப்பா முதலில் கேட்டது ‘ப்ரியா’ படப் பாட்டு. சுஜாதாவின் நாவலை எஸ்.பி.முத்துராமன் 1978இல் படமாக்கினார், பெரும்பகுதி சிங்கப்பூரில்தான் எடுத்தார்கள். “ஷூட்டிங் பாக்க லீவு போட்டுட்டுப் போனவன் நான்” என்பது அப்பாவின் நிரந்தரப் பெருமை. இளையராஜா இசையில், ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாட்டுகள் என்று அவற்றைச் சொல்வார்கள். அப்பா தலையை இடதும் வலதுமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓர் அறுபதுகளின் பாட்டை வைத்தேன். “இது மண்டைக்கு நடுவுல பாடுது” என்றார். மோனோ பதிவு அப்படித்தான். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போனால் பாடகர் நெற்றிக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஹெட்போனில் கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை. பழைய பாட்டு மட்டும் கேட்பவர்கள் ‘அகன்ற மேடை’ என்ற விளம்பரத்துக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கவும் வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. அப்பா வழக்கமாக வைக்கும் அளவில் பாட்டை ஓடவிட்டு, ஹாலுக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் உள்ள தூரம் தள்ளி நின்று, அம்மாவின் அளவுக்கே மெதுவாக “என்னங்க” என்றேன். பெற்ற அப்பாவை அப்படிக் கூப்பிடுவது எனக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம். தவுக்கே எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முதல் ஹெட்போனில் கேட்கவில்லை. இரண்டாவதிலும் கேட்கவில்லை. மூன்றாவதிலும் கேட்காதபோது, ஹெட்போன்மேல் தப்பில்லை என்று புரிந்தது. பாட்டின் அளவைக் குறைத்தேன். மூன்றாவதில் அப்பா திரும்பிப் பார்த்தார்.

அதனால் ஹெட்போன் வாங்குவதற்கு முன் காதுப் பரிசோதனைக்குப் போனோம். தொழிற்சாலைச் சத்தத்தால் கெடும் காது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் இடிந்து விழும். அப்பாவின் வரைபடத்தில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. பாடகரின் குரல் கேட்கும், சொல்லின் விளிம்பு கேட்காது. அதைத் தேடித்தான் அவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அப்பா தினமும் மூன்று மணி நேரம் கேட்பவர். இப்போது போனில் உயர் ஒலிகளை மட்டும் கொஞ்சம் தூக்கி, மொத்த அளவைக் குறைத்து வைத்திருக்கிறேன். காதுக் கருவிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. சென்ஹைசரின் வீட்டு ஹெட்போன் வியாபாரத்தை 2022இல் சோனோவா என்ற சுவிஸ் காதுக் கருவி நிறுவனம் வாங்கிவிட்டது. அதைச் சொன்னதும், “அப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றியா?” என்று சிரித்தார். அடுத்த மாதம் இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

துணைப் பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஹெட்போன்கள் சிலவற்றுக்கு மின்தடை அதிகம். 1997இல் வந்த எச்டி 600க்கு 300 ஓம். போனில் நேராகச் செருகினால் முனகும். கடையில் தேர்ந்தெடுத்தது அவ்வளவு கேட்பதில்லை. ஆனாலும் 2016இல் ஐபோன் 7 தன் துளையை எடுத்துவிட்டது, மற்ற நிறுவனங்களும் அதன் பின்னால் போய்விட்டன. அதனால் விரல் அளவில் ஒரு மாற்றி வேண்டியிருந்தது. பெரிய ஹெட்போன்களின் முனையில் இருக்கும் தடித்த பிளக், 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகத்தில் பெண்கள் செருகி எடுத்த அதே அளவுதான். மூன்று மீட்டர் கம்பி வேண்டாம், அவசரமாக எழுந்தால் காலில் மாட்டும் என்று குட்டைக் கம்பியாகக் கேட்டு வாங்கினேன். நம்மூர்ப் புழுக்கத்தில் செயற்கைத் தோல் உறை சீக்கிரம் உரிந்துவிடும், அதனால் துணி உறை. இன்னொரு ஜோடி உறை அலமாரியில் இருக்கிறது. இவ்வளவுதான். இதற்கு மேல் தங்கக் கம்பி, வெள்ளிக் கம்பி என்று யாராவது சொன்னால் காசைக் காதுப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த வகையின் குறையாக எல்லோரும் சொல்வது பாட்டு வெளியே கசிகிறது என்பது. உண்மைதான், அம்மாவின் அறைவரை நூல்மாதிரி கேட்கிறது. தொந்தரவாக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். தலையாட்டினார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “அப்பா முழிச்சிருக்காருன்னு தெரியுது.”

நேற்று இரவு நான் அடுப்படியில் இருந்தேன். அறையிலிருந்து “ங்க” என்று ஒரு சத்தம். நான் நகர்வதற்குள் அப்பா ஹெட்போனைக் கழற்றி நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார். பாட்டு அங்கேயே பாடிக்கொண்டிருந்தது.