பெயர் போடாத கட்டுரை

பல்லாவரம், குரோம்பேட்டை என்று வரிசையாக ஊர்களில் நின்று வரும் மின்சார ரயில், தாம்பரத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் ஓர் ஆஸ்பத்திரியின் பெயரைத் தாங்கிய ஸ்டேஷனில் நிற்கிறது. தாம்பரம் சானடோரியம்! ஆஸ்பத்திரிக்கு ஊர்ப் பெயரை வைப்பதுதான் உலக வழக்கம். இங்கே ஆஸ்பத்திரி தன் பெயரை ஊருக்குக் கொடுத்துவிட்டது.

1928-ல் இதைத் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அதற்கு முன் இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளின் மேல், க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917-ல் நம் கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் நோயாளியாக இருந்திருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தைத் திரட்டி 1922-ல் டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். திறந்த வெளிக் காற்று, ஓய்வு, நல்ல ஆகாரம்: இவைதாம் அவருடைய வைத்தியத்தின் உயிர்நாடி. அந்தப் புத்தகத்தின் நம்பிக்கையே தாம்பரத்தில் கட்டடமாக எழுந்தது என்று சொல்லலாம்.

அந்த நாளில் க்ஷயத்துக்கு மருந்து ஏது? காற்றையும் காலத்தையும் நம்பியே நோயாளி படுத்திருக்க வேண்டும். வசதி உள்ளவன் படுத்திருப்பான். கூலிக்காரன் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா? குழந்தையை விட்டு ஒரு வருஷம் பிரிந்திருக்கத் தாயின் மனந்தான் இடங்கொடுக்குமா? உயிரா, குடும்பமா என்ற அந்தக் கேள்விக்கு எந்த டாக்டரிடமும் விடை இல்லை.

பிறகு மருந்துகள் வந்தன. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-ல் ஐசோனியாசிட். ஆனாலும் பழைய எண்ணம் போகவில்லை. மருந்தோடு படுக்கையும் பாலும் ஓய்வும் வேண்டும் என்றே நினைத்தார்கள். நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ சில ஆயிரங்கள்.

1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி அது. தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போயிற்று. மறு பாதி, நெருக்கடி நிறைந்த தன் வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தது. இரு சாராருக்கும் ஒரே மருந்து; ஒரு வருஷம். வீட்டில் இருப்பவர்கள் மருந்தை விழுங்குகிறார்களா, கூரையில் செருகி வைக்கிறார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள்; சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். வித்தியாசம் இவ்வளவுதான்! ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தபோது அதுவும் மறைந்தது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நோயாளி வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டதால், மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

தொண்ணூற்றுச் சொச்சம் பக்கங்கள் கொண்ட அந்தக் கட்டுரையில், ஆசிரியர் என்ற இடத்தில் ஒரு மனிதரின் பெயர்கூடக் கிடையாது; நிலையத்தின் பெயர் மட்டுமே உண்டு. ஒருவருடைய நீண்ட அனுபவம் எழுப்பிய கோட்டையை, பெயர் போடாத பலருடைய கணக்கு அசைத்துவிட்டது. இதனால் டாக்டர் சௌரி முத்துவின் பெருமை குறைந்துவிடாது. மருந்தே இல்லாத காலத்தில் அவர் கையில் இருந்தது காற்றுதான்; அதைக் குறைவில்லாமல் கொடுத்தார்.

இதில் எங்கள் தொழிலுக்குத்தான் நஷ்டம்! இருமி இருமிச் சாகும் கதாநாயகியை நம்பிப் பிழைத்த கதாசிரியர்கள் எத்தனை பேர்! ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாத்திரையை விழுங்கிவிட்டு, மறுபடியும் வேலைக்குப் புறப்படும் ஒரு தகப்பனை எந்தக் கதை கொண்டாடியது?

சானடோரியமும் மூடப்படவில்லை. 1937-லேயே அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. 1990-களில், மற்ற ஆஸ்பத்திரிகள் தொடவும் அஞ்சிய எய்ட்ஸ் நோயாளிகள் அந்த ஸ்டேஷனில்தான் வந்து இறங்கினார்கள். 2004-ல் அவர்களுக்கும் அங்கே இலவச மருந்து கிடைக்கத் தொடங்கியது. அவர்களும் மருந்தை வாங்கிக்கொண்டு, ரயிலேறி வீடு திரும்பினார்கள்.