தம்பி ஏறிய கப்பல்

அக்கா பையன் யூதத் தத்துவத்தில் மேற்படிப்பு படிக்கப் போகிறானாம். "செலவு யாருடா பண்றது?" என்றேன். பேங்க்காரன் வாயில் வேறென்ன வரும்! "மைமோனிடீஸுக்கு அவர் தம்பி பண்ணினார் மாமா" என்றான்.

தேடிப் படித்தேன். எகிப்தில் அண்ணன் உட்கார்ந்து படிக்க, எழுத, தம்பி டேவிட் வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கியிருக்கிறார். செங்கடல் ஓரத்து ஐதாப் துறைமுகத்தில் அவுரி தவிர உருப்படியான சரக்கு கிடைக்கவில்லை, அதனால் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறேன் என்று அவர் அண்ணனுக்கு எழுதிய கடிதம் இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. இந்துமாக்கடலில் கப்பல் மூழ்கியது. அவர் பணம், அண்ணன் பணம், அடுத்தவர் நம்பிக் கொடுத்த பணம், எல்லாம் போச்சு. மிச்சம் ஒரு விதவை, ஒரு சின்னப் பெண். மைமோனிடீஸ் ஒரு வருஷம் படுத்த படுக்கை. பிறகு வைத்தியம் பார்த்துப் பிழைத்துக்கொண்டே 1190 வாக்கில் தன் பெரிய தத்துவ நூலை முடித்தார்.

இங்கே கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு மறை சொல்லிக்கொடுத்த டேவிட் ரஹாபி இந்தத் தம்பிதான் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு ஒப்பவில்லை. வழியிலேயே மூழ்கியவர் எப்போது வந்து சொல்லிக்கொடுத்தார்?

நேற்று மாஹிம் கடற்கரையில் ரொம்ப நேரம் நின்றேன். முதல் வருஷப் பணம் நான் தருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியாச்சு. வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை.