மலையகத் தோட்டப் பிரதேசப் போக்குவரத்து

இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் இணைக்கும் வீதிகளும் ரயில் பாதையும் அடங்கியது இப்போக்குவரத்து வலையமைப்பு. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். எனவே இங்கு போக்குவரத்துத் திட்டமிடல், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலிலிருந்தே தொடங்க வேண்டியதாகிறது.

பாதைகள் வந்த விதம்

கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே மலைநாட்டு ரயில் பாதை போடப்பட்டது. 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் அது எட்டியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,898 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொலை, நாட்டின் மிக உயர்ந்த ரயில் நிலையம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய குறுகிய ரயில் பாதை 1940களில் கைவிடப்பட்டது. அன்றிலிருந்து நுவரெலியா நகருக்கு ரயில் இல்லை. நானுஓயாவில் இறங்குபவர் மீதித் தூரத்தை வீதி வழியேதான் கடக்க வேண்டும்.

வீதிகளில் இரண்டு முதன்மையானவை. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன் வழியாக வரும் ஏ7 ஒன்று. பேராதனையிலிருந்து கம்பளை, இறம்பொடை வழியாக ஏறும் ஏ5 மற்றொன்று. 2008இல் இறம்பொடையில் திறக்கப்பட்ட 225 மீட்டர் சுரங்கவழி, ஆபத்தான ஒரு வளைவைத் தவிர்த்துத் தந்தது.

சரிவும் விபத்தும்

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வரும் பஸ்ஸின் பிரேக் சூடேறி, பிடிமானத்தை இழக்கும். குறைந்த கியரில் இறங்குவதே இதற்குக் காப்பு. சமவெளியில் ஓட்டிப் பழகிய சாரதிக்கு இது கைவந்த பழக்கம் அல்ல.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியில் கொழும்பிலிருந்து பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று, வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்கள் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் வந்தவர்கள். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை, கரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் எழுபதுக்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தனர். இரவு நெடுகிலும் ஓட்டம், அளவுக்கு மீறிய பயணிகள், பள்ளத்தின் ஓரம்: இம்மூன்றும் ஒன்றுசேர்வதைத் தடுப்பதே பாதுகாப்புத் திட்டத்தின் முதல் வேலை.

தொழில்நுட்பம் செய்யக்கூடியவை

பஸ்ஸின் வேகத்தையும் இருப்பிடத்தையும் காட்டும் ஜிபிஎஸ் கருவி, சாரதி கண்ணயர்ந்தால் ஒலியெழுப்பும் கமரா, இறக்கத்தில் பிரேக்குக்குத் துணைநிற்கும் ரிட்டார்டர் ஆகியவை உலகில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளவை. பள்ளத்தோரம் வலுவான தடுப்புவேலியும், வளைவுகளில் குவிவுக் கண்ணாடியும், பனிமூட்டத்திலும் தெரியும் ஒளிரும் கோடுகளும் அவற்றோடு சேர வேண்டும்.

மண்சரிவு விடயத்தில் அடித்தளம் தயாராகவே இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணித்தியால மழைவீழ்ச்சி 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்ற அளவீடுகளை வைத்துச் செயற்படுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டின் வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் சிதைத்தபின், இந்த அறிவிப்புகள் பஸ் சாரதியின் கைபேசிக்கும் நேர அட்டவணைக்கும் நேரடியாகச் சேர வேண்டியதன் அவசரம் கூடியிருக்கிறது.

தோட்டப் பாதை யாருடையது?

பிரதான வீதியிலிருந்து பிரிந்து ஏறும் தோட்டப் பாதைகள் நெடுங்காலம் யாருடைய பொறுப்பிலும் முழுமையாக இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களில் சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல் வந்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. சட்டம் வழிவிட்ட பிறகும் குண்டும் குழியுமான பாதைகள் எஞ்சியுள்ளன.

2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இயங்கும் அம்புலன்ஸ் சேவை ஏனைய மாகாணங்களுக்கும் விரிக்கப்படும் என்று, 2017 மே 12ஆம் திகதி மலையகத்தின் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். அழைப்பை ஏற்று வண்டியை அனுப்பும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. பிரசவ வலியில் துடிக்கும் பெண் இருக்கும் லயம்வரை அந்த வண்டி ஏறிச்செல்லப் பாதை வேண்டும்.

பருவகால நெரிசல்

ஏப்ரல் வசந்தகால விழா நுவரெலியாவையும், டிசம்பர் முதல் மே வரையான சிவனொளிபாதமலை யாத்திரைக்காலம் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி வீதியையும் நிரப்புகின்றன. இதேபோன்ற நெரிசலைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டின் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், வாகனங்கள் முன்கூட்டியே பெறவேண்டிய இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர்ப் பஸ்களுக்கும் அம்புலன்ஸுக்கும் முன்னுரிமை தரும் இத்தகைய ஏற்பாட்டை நுவரெலியாவும் பரிசீலிக்கலாம்.

வீதியைச் சாராத வழிகளும் உண்டு: கொலம்பியாவின் மெடயின் நகரம் 2004இல் மலைச்சரிவில் வாழும் ஏழைகளுக்காகக் கம்பிவடப் பயணத்தைத் தொடங்கியது. கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் இறக்கிப் பழகிய மலையகத்துக்கு அது அந்நியமான எண்ணம் இல்லை. ஆயினும் செலவில் பெரிய அத்தகைய திட்டங்களுக்கு முன்பாக, தோட்டப் பாதைகளைச் செப்பனிடுவதும் பள்ளத்தோரத் தடுப்புவேலிகளும் சாரதிகளுக்கான மலைப்பாதைப் பயிற்சியும் வரவுசெலவுத் திட்டத்தில் முதலிடம் பெற வேண்டும்.