பூட்டிய நெகட்டிவ்: ரா கோப்பின் வரலாறும் பட்டுச் சேலைப் படங்களும்

வெம்பாக்கம், ஆரணி வட்டாரப் பட்டை நிறம் பிசகாமல் படமெடுப்பது எளிதல்ல. மயில்கழுத்து நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். கேமராவே ஜேபெக் கோப்பாக்கித் தரும்போது ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். முகூர்த்த விளக்கொளியில் அரக்குச் சேலையின் சிவப்பு உச்சத்தைத் தொட்டுவிட்டால், கொசுவ மடிப்பெல்லாம் மறைந்து ஒரே பூச்சாகிவிடும். உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. ஜரிகை மஞ்சளடித்தாலும் பின்னால் சரிசெய்யலாம். ஆல்பம் போடுகிறவர்களுக்கு ரா தேவைப்படுவது இதனால்தான்.

மூலப்படத்தைத் திருத்தும் பழக்கம் கணினிக்கு முந்தியது. 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த சென்னை அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், மெழுகேற்றிய காகித நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி வானத்துக்கு மேகம் சேர்த்தார். அந்தத் திருத்தத்தை மூலத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ரா கோப்பு கொண்டுவந்த பெரிய மாற்றம் இங்கேதான். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பில், உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே பதிவுசெய்கிறது. ரா என்பது அந்தச் சமைக்காத எண்கள். அடோபி 2003இல் கேமரா ரா மென்பொருளை வெளியிட்ட பின், திருத்தங்களை மட்டும் தனியாக ஒரு சிறு எக்ஸ்எம்பி கோப்பில் எழுதிவைப்பது வழக்கமாயிற்று. மூலம் கைபடாமல் இருக்கும்.

ஆனால் ஒவ்வொரு கேமரா நிறுவனமும் ராவைத் தன் சொந்த வடிவத்தில் எழுதியதால், மூலத்தின் சாவி அந்நிறுவனங்களிடமே தங்கிவிட்டது. கேனான் மட்டுமே சிஆர்டபிள்யூ, 2004இல் சிஆர்2, 2018இல் சிஆர்3 என்று மூன்று வடிவங்களைக் கண்டிருக்கிறது. டேவ் காஃபின் என்ற தனிமனிதர் 1997 முதல் பல நிறுவனங்களின் ரா வடிவங்களை ஒவ்வொன்றாக உடைத்துப் படித்து, ‘டிசிரா’ நிரலை இலவசமாகத் தந்தார். 2005இல் நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவின் வெண்சமநிலைத் தகவலை மறைகுறியாக்கியது பெரும் சர்ச்சையானது. காஃபின் அதையும் அவிழ்த்தார். தொழில் செய்பவர் எடுத்த படத்துக்கு, கேமரா விற்றவர் பூட்டுப் போடுவது எந்த நியாயத்திலும் சேராது.

இதற்கு மாற்றாக, விவரக்குறிப்பு எல்லோருக்கும் வெளிப்படையான டிஎன்ஜி வடிவத்தை 2004 செப்டம்பரில் அடோபி அறிவித்தது. 2006இலேயே லைக்கா எம்8, பென்டாக்ஸ் கே10டி கேமராக்கள் நேரடியாக டிஎன்ஜியில் எழுதின. பெரிய நிறுவனங்கள் மட்டும் தத்தம் வடிவத்தை விடவில்லை.

ஆவணக் காப்பாளர்களின் அனுபவம் இங்கே பயன்படும். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்ட உதவியுடன், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களை மின்னுருவாக்கினார்கள். அத்தகைய பழைய கண்ணாடி நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தாலே உருவம் தெரியும். ஆனால் ஒரு சிஆர்டபிள்யூ கோப்புக்கு அதைத் திறக்கத் தெரிந்த நிரல் வேண்டும்.

ஆகவே, ஆல்பம் கொடுத்தவுடன் ராவை அழித்து டிஸ்க்கைக் காலிசெய்யும் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்ந்த படங்களையாவது டிஎன்ஜியாக மாற்றி, எக்ஸ்எம்பியோடு இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். மாற்றும்போது கேமராவின் சில உள்குறிப்புகள் விடுபடக்கூடும் என்பதால், இடமிருந்தால் மூல ராவையும் வைத்திருங்கள்.