குடியிருப்பவர் திறக்கும் வாசல்

ஒரு நிரலுக்குள் உலாவியைக் குடிவைக்கும் வழக்கம், 1996 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3 வந்த பிறகு பரவலானது. உலாவியின் உட்பகுதியை ‘வெப்பிரவுசர் கண்ட்ரோல்’ என்று தனிப் பாகமாகவே மைக்ரோசாஃப்ட் கொடுத்துவிட்டது. அகராதியோ கணக்கு மென்பொருளோ, எதை எழுதுபவரும் தம் சாளரத்தின் நடுவே அதைப் பதித்து ஓர் இணையப் பக்கத்தைக் காட்டலாம். அதே ஆண்டில்தான் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 ஜாவாஸ்கிரிப்டோடு வெளியானது. ‘விண்டோ.ஓப்பன்’ என்ற ஒற்றை வரியால் புதுச் சாளரத்தைத் திறக்கும் உரிமை பக்கத்துக்கே கிடைத்தது. இரண்டும் சந்தித்தபோது பிறந்த சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இதைப் பலரும் விளம்பரத் தொல்லையின் கதையாகவே சொல்கிறார்கள். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. புதுச் சாளரம் கேட்கப்படும் நொடியில் வீட்டுக்கார நிரலுக்கு எவ்வளவு தெரிவிக்கப்பட்டது என்று தேடிப் பார்த்தால்தான் மீதிப் பாதி பிடிபடும்.

விளம்பரக் கதை சுருக்கமானது. 1990-களின் பிற்பகுதியில் ட்ரைபாட் என்ற தளத்தில் பணியாற்றிய ஈத்தன் சக்கர்மேன், பாப்-அப் விளம்பரத்துக்கான நிரலை எழுதினார். ஆபாசப் பக்கம் ஒன்றில் தன் விளம்பரம் இருப்பதைக் கண்டு ஒரு கார் நிறுவனம் பதற, விளம்பரத்தையும் பக்கத்தையும் பிரித்துக் காட்டத் தனிச் சாளரம் ஒரு வழியாகத் தெரிந்தது. 2014-ல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அதற்காக அவர் மன்னிப்பும் கேட்டார். ஓப்ரா உலாவி தடுப்பு வசதியை முதலில் கொண்டுவந்தது. பக்கம் ஏறும்போது தானாக முளைக்கும் சாளரங்களை மட்டும் தடுத்து, பயனர் சொடுக்கித் திறப்பவற்றை விட்டுவைக்கலாம் என்ற நுட்பம் மொசில்லாவில் வந்தது. 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வழியாக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதே பாதைக்கு வந்தது. ஆனால் இவையெல்லாம் முழு உலாவியின் கதை. அங்கே வீட்டுக்காரரும் உலாவிதான், குடியிருப்பவரும் உலாவிதான். வேறொரு நிரலுக்குள் பதிந்திருக்கும் உலாவிக்கு அந்த வசதி இல்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பக்கம் ‘விண்டோ.ஓப்பன்’ என்றதும் கண்ட்ரோல் அப்படியே நின்று, ‘நியூவிண்டோ2’ என்ற நிகழ்வை எழுப்பும். அதில் இரண்டே இடங்கள். ஒன்று, புதிய உலாவிப் பொருளை வைப்பதற்கான காலி இடம். மற்றொன்று, ரத்து செய்யும் குறி. நிரல் அந்தக் கணமே புதிய சாளரம் ஒன்றை உருவாக்கி, அதில் இன்னொரு கண்ட்ரோலைப் பதித்து, அதைக் காலி இடத்தில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால், ரத்தும் செய்யாவிட்டால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தன் சொந்தச் சாளரத்தை நிரலுக்கு வெளியே திறந்துவிடும். வீட்டுக்காரரைக் கேட்காமல் குடியிருப்பவர் சுவரை இடித்துத் தெருப்பக்கம் வாசல் வைத்தது போலத்தான். சரி, அனுமதிக்கலாமா மறுக்கலாமா என்று முடிவு செய்யவாவது, திறக்கப்போவது எந்த முகவரி என்று தெரிய வேண்டாமா? நியூவிண்டோ2 அதைச் சொல்லவே இல்லை. நிரலாளர்கள் சுற்றுவழி கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கண்ட்ரோல் ஒன்றை உருவாக்கிக் காலி இடத்தில் வைப்பார்கள். அது எந்த முகவரிக்குக் கிளம்புகிறது என்பதை அடுத்த நிகழ்வில் பார்த்துக்கொண்டு, பிறகு அதைக் கலைத்துவிடுவார்கள். ஒரு முகவரியைத் தெரிந்துகொள்ள ஒரு முழு உலாவியையே கட்டி இடிக்க வேண்டியிருந்தது.

2004-ல் சர்வீஸ் பேக்கோடு வந்த ‘நியூவிண்டோ3’ இந்தக் குறையைத் தீர்த்தது. திறக்கப்போகும் முகவரி, கேட்ட பக்கத்தின் முகவரி, பயனர் சொடுக்கியதால் வந்ததா என்பது உள்ளிட்ட குறிகள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் 2005-ல் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட் 2.0 தன் வெப்பிரவுசர் கண்ட்ரோலை வெளியிட்டபோது, அதன் நிகழ்வில் ரத்து செய்யும் குறி மட்டுமே மிஞ்சியது. கற்ற பாடம் ஒரே ஆண்டில் கைநழுவியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. 2008-ல் வந்த ஆண்ட்ராய்டின் பதிந்த உலாவியான வெப்வியூ, பயனரின் செயலால் வந்ததா என்பதைச் சொன்னது, முகவரியைச் சொல்லவில்லை. பழைய சுற்றுவழி அங்கேயும் மறுபடி பிறந்தது. 2014-ல் ஐஓஎஸ் 8-இல் வந்த டபிள்யூகே வெப்வியூ முகவரியையும் கொடுத்தது, புதிய சாளரம் எந்த அமைப்போடு பிறக்க வேண்டும் என்பதையும் கையில் கொடுத்தது. அந்த அமைப்பைப் பயன்படுத்தாவிட்டால் நிரல் பிழையோடு நின்றுவிடும். புதுச் சாளரத்தைத் திறக்கலாமா என்ற கேள்விக்கு நிரல் பதில் எழுதாமலே விட்டிருந்தால், புதுச் சாளரம் கேட்கும் இணைப்பைத் தொட்டாலும் திரையில் ஒன்றும் நடக்காது.

இவ்வளவு எதற்கு, எல்லாப் பாப்-அப்பையும் தடுத்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். தீராது. திறந்த சாளரத்துக்கும் திறந்துவிட்ட பக்கத்துக்கும் நடுவே ஓர் இழை ஓடுகிறது. புதுச் சாளரத்தின் கைப்பிடியைப் பக்கம் வைத்திருக்கும். புதுச் சாளரமோ ‘ஓப்பனர்’ வழியாகத் தாய்ப் பக்கத்தோடு பேசும். தடுத்தால் பக்கத்தின் கையில் வெறுமைதான் கிடைக்கும், அதை நம்பி எழுதிய அடுத்த வரி முறியும். அச்சுக்கான ரசீது, தேதி தேர்வு, கணக்கு நுழைவு எல்லாம் இந்த இழையில் தொங்கியவை. அப்படியானால் அதே சாளரத்திலேயே ஏற்றிவிடலாம் என்பது அடுத்த வாதம். ஆண்ட்ராய்டின் இயல்பு அமைப்பு இதைத்தான் செய்கிறது. நுழைவுப் பக்கம் தாய்ப் பக்கத்தின் இடத்தில் ஏறும், பயனர் கடவுச்சொல்லைத் தருவார், வேலை முடிந்ததும் அது தன்னை மூடிக்கொள்ளப் பார்க்கும். திரும்பிப் போகத் தாய்ப் பக்கம் இல்லை. பயனர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொரு மறுப்பு இவற்றைவிடக் கனமானது. வீட்டுக்கார நிரலுக்கு இத்தனை விவரமும் அதிகாரமும் தந்தால், உள்ளே தட்டச்சாகும் கடவுச்சொல்லையும் அதனால் எடுக்க முடியுமே? முடியும்தான். 2017-ல் கூகுள் தன் கணக்கு நுழைவைப் பதிந்த உலாவிகளில் ஏற்க மறுத்ததற்கும், அதே ஆண்டு அக்டோபரில் வெளியான இணைய நடைமுறை ஆவணமான ஆர்எஃப்சி 8252 நுழைவை வெளி உலாவிக்கு அனுப்பச் சொன்னதற்கும் இதுவே காரணம். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத்தான் வலுப்படுத்துகிறது. திறக்கப்போவது நுழைவுப் பக்கம் என்று முன்கூட்டித் தெரிந்தால்தானே நேர்மையான நிரல் அதை வெளி உலாவிக்கு அனுப்ப முடியும்? விவரத்தை மறைப்பதால் கெட்ட நிரல் தடுக்கப்படுவதில்லை. அது அந்தப் பக்கத்தைத் தன் உலாவிக்குள் எப்படியும் ஏற்றிக்கொள்ளும்.

2020-ல் வந்த மைக்ரோசாஃப்டின் வெப்வியூ2, முகவரியோடும் பயனர் சொடுக்கினாரா என்ற குறியோடும் கூடுதலாக ஒன்றைத் தருகிறது: அவகாசம். பழைய நிகழ்வுகள் பதிலை அந்தக் கணமே கேட்டன. இப்போது நிரல் முடிவைத் தள்ளிவைக்கலாம். அதுவரை பக்கத்தின் கையில் எங்கும் போகாத ஒரு வெற்றுச் சாளரத்தின் கைப்பிடி இருக்கும், அதன் அடுத்த வரி முறியாது. அந்த இடைவெளியில் நிரல் பயனரிடமே திரும்பி, இந்த முகவரியைத் திறக்கட்டுமா என்று கேட்கலாம்.